எழுபதாவது வளைவுச் சேதி

கொல்லிமலையில் ஒரு பலா பழுத்தால், அது மரத்துக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் சேதி கண்டக்டருக்குத் தெரிந்துவிடும். மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தோட்டத்துக்குச் சொந்தக்காரரே பஸ்ஸில் ஏறி, "ஏனுங்க, நம்ம மரத்துல எத்தன பழுத்திருக்குது?" என்று அவரிடம் கேட்டதை நானே என் காதால் கேட்டிருக்கிறேன். அவரும் எண்ணிக்கை சொன்னார்.

அப்போது நான் காளப்பநாயக்கன்பட்டியில் குடியிருந்துகொண்டு, மலைமேல் செம்மேட்டில் ஒரு சின்ன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம். நடுவில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழு வருடம் அவர் பஸ்ஸில் போய்வந்தும் அவர் பெயரைத் தெரிந்துகொள்ளவில்லை. மலைக்கும் அடிவாரத்துக்கும் அவர் சேதி கண்டக்டர், அவ்வளவுதான். ஆள் ஒல்லி. குரல் மட்டும் இரண்டு ஆளுக்குச் சேரும்.

அவர் சேதி சொல்ல ஆரம்பித்ததற்குக் காரணம் வாந்தி. எங்கள் மலைப்பாதையில் பத்தாவது வளைவுக்குள் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள், மீதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள். ஒருநாள் முன்சீட்டு அம்மாளுக்குக் கண் செருகும் நேரத்தில், பக்கத்து ஊரில் ஒரு கல்யாணம் நின்றுபோன கதையை இவர் எடுத்துவிட்டாராம். அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுபதாவது வளைவு வரைக்கும் கண்ணைச் சிமிட்டவில்லையாம். அன்றைக்கே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"எலுமிச்சம்பழம் பாதி மலைதானுங்க தாங்கும். அடுத்தவன் ஊட்டுச் சேதி எழுபது வளைவும் தாங்கும்" என்பார்.

சேதிகளுக்கு ஒழுங்குமுறை உண்டு. முதல் பதினைந்து வளைவுகள் சாவுக்கும் கருமாதிக்கும். அழுகிறவர்கள் அழுது முடித்து முகம் துடைக்க மீதி வளைவுகள் வேண்டுமே என்பது அவர் கணக்கு. அடுத்தது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள், அதற்கப்புறம் மிளகு விலை, மரவள்ளிக் கிழங்கு விலை, பேளுக்குறிச்சிச் சந்தையில் ஆட்டுக்குட்டி என்ன விலைக்குப் போனது என்பது. ஐம்பதாவது வளைவிலிருந்து வரப்போகும் நிகழ்ச்சிகள்: கோயில் நோன்பி, கல்யாணம், ரேஷன் கடைக்குச் சர்க்கரை வரும் நாள், கரண்டு இருக்காத நாள். ஒரு வளைவுக்கு ஒரு சேதி. பஸ் திரும்பி நேராவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். சேதி நீளமாக இருந்தால் டிரைவர் வளைவை மெதுவாகத் திருப்புவார். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் ஏராளமாக இருந்த ஒரு கல்யாணத்துக்கு, பஸ் கிட்டத்தட்ட நின்றே திரும்பியது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தபோது, "மாப்பிள்ளையோட பெரியப்பன் பேரு இன்னும் வரலீங்க, செத்த பொறுங்க" என்று ஜன்னல் வழியாகப் பதில் போனது.

தவறே நடக்காது என்று சொல்ல முடியாது. ஒருமுறை கண் மருத்துவ முகாமும் மாட்டு மருத்துவ முகாமும் அடுத்தடுத்த நாளில் வைத்தார்கள். இவர் நாளை மாற்றிச் சொல்லிவிட்டார். கண் டாக்டர் வந்து பார்த்தால் பள்ளிக்கூட மைதானம் நிறைய மாடுகள். மறுநாள் மாட்டு டாக்டர் முன்னால் பெரியவர்கள் வரிசையாகக் கண்ணைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றார்கள். கண் டாக்டர் தங்கமான மனிதர், வந்ததற்கு இரண்டு மாடுகளுக்குக் கண் பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் முப்பத்து மூன்றாவது வளைவில் திருத்தம் வெளியானது. முகாம்கள் நடந்து முடிந்த பிறகு வந்த திருத்தம்தான், ஆனாலும் பஸ்ஸே அவரை மன்னித்தது.

இத்தனை சுவாரசியமான பஸ்ஸில் ஒரே ஒரு சேதி மட்டும் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். அது எழுபதாவது வளைவில் வரும் கடைசிச் சேதி. அந்த வளைவைத் தாண்டியதும், ஆலத்தூர் நாட்டு மலைக்கிராமங்களுக்குப் பாதை பிரியும் இடத்தில் பலாமரத்து ஸ்டாப் என்று ஒன்று உண்டு. கடைசிச் சேதி எப்போதும் அங்கிருந்துதான் வரும். பலாமரத்து ஸ்டாப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஓடு மாற்றியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. அந்த வீட்டு அம்மணிக்குக் காய்ச்சல், இப்போது தேவலை. பெயர் சொல்ல மாட்டார். "இதெல்லாம் ஒரு சேதியாங்க?" என்று பயணிகள் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

நான் மட்டும் கிண்டல் செய்ததில்லை. அந்த வளைவு வரும்போது செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வேன். ஏனென்றால் அந்த வீட்டு அம்மணி என் தங்கை சரசு.

சரசு மலைமேல் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். எங்கள் அப்பா, செத்தாலும் அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றார், சொன்னபடியே செத்தும் போனார். அவர் விட்டுப்போனவற்றில் நான் யாருக்கும் பங்கு கொடுக்காமல் எடுத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். அது எனக்குச் சொந்தமானதுகூட இல்லை. ஆனாலும் தினமும் இரண்டு முறை அவள் வீட்டு ஸ்டாப்பைத் தாண்டிப் போனேன், இறங்கவில்லை. ஒருநாள்கூட இறங்கவில்லை. சில காலைகளில் அவள் மரத்தடியில் பால் கேனோடு நிற்பாள். பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். என் ஜன்னல் வருவதற்குள் செய்தித்தாள் உயர்ந்துவிடும்.

அந்தச் சேதிகள் எனக்காகத்தான் சொல்லப்படுகின்றன என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. சேதி கண்டக்டர் என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சரசுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது எனக்கு எழுபதாவது வளைவில்தான் தெரியும். குழந்தை நடந்ததும், மூன்று வயதில் கீழே விழுந்து நெற்றியில் தையல் போட்டதும் அங்கேதான் தெரியும். அவர் விடுப்பில் போன நாட்களில் எனக்கு அலுவலகத்தில் வேலையே ஓடாது. தங்கை எப்படி இருக்கிறாளோ என்று இருக்கும். அவர் திரும்பி வந்ததும் கேட்கவும் வாய் வராது.

ஒருநாள் கடைசிச் சேதி இப்படி வந்தது: "பலாமரத்து ஊட்டுப் பொண்ணுக்கு அஞ்சு வயசாச்சுங்க. பள்ளிக்கூடம் சேர்க்கோணும். இன்னும் காது குத்துலீங்க."

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். மாமன் இல்லாவிட்டால் தாய்வழிப் பங்காளி முறையில் ஒருவரை உட்கார வைத்து முடித்துவிடுவதும் உண்டு. சரசு அப்படி முடிக்கவில்லை. ஐந்து வருடம் மூளிக் காதோடு பிள்ளையை வைத்திருந்தாள். யாருக்காக என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் ஒரே கடிதத்தை நான்கு முறை எழுதினேன்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை, எழுபதாவது வளைவு. அவர் குரலை ஒரு படி ஏற்றிக்கொண்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம பலாமரத்து ஊட்டுல காதுகுத்துங்க. எல்லாரும் வந்துருங்க. தாய்மாமன் வர்றதாச் சம்மதம் சொல்லியிருக்காருங்க."

பஸ் முழுக்க ஒரு சந்தோஷச் சலசலப்பு. நான் எழுந்து அவரிடம் போனேன்.

"யாருங்க சம்மதம் சொன்னது?"

"நான் பேரே சொல்லலீங்களே சார். உங்களுக்கு எதுக்குங்க கோவம் வருது?" என்று கேட்டுவிட்டு, பின்பக்கம் டிக்கெட் போடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்குள் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. போகக் கூடாது என்று முடிவு செய்தேன். அலுவலகத்துக்குத்தான் போகிறேன் என்று மனைவியிடம் அழுத்திச் சொன்னேன். அவளும் சரி என்றாள். சாப்பாட்டுப் பையை வாங்கும்போது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. உள்ளே பார்த்தேன். டிபன் கேரியருக்கு அடியில் ஒரு பட்டுப்பாவாடை, ஒரு ஜோடித் தங்கத்தோடு. ஏதும் கேட்காமல் பையை மூடிவிட்டேன்.

பஸ் பலாமரத்து ஸ்டாப்பில் நின்றது. யாரும் எழவில்லை. யாரும் ஏறவும் இல்லை. டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார். சேதி கண்டக்டர் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எறங்குங்க சார்."

"நான் செம்மேடு போகோணும்."

"டிக்கெட்டைப் பாருங்க."

கைக்கடிகாரப் பட்டையில் செருகியிருந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பலாமரத்து ஸ்டாப் வரைக்கும்தான் போட்டிருந்தார். ஏழு வருடமாகக் கேட்காமலே செம்மேடு போட்டுக் கொடுக்கிறவர், நானும் பார்க்காமல் செருகிக்கொள்கிறவன்.

"இதுக்கு மேல வந்தீங்கன்னா டிக்கெட் இல்லாத பிரயாணமுங்க. செக்கர் வந்தா நான் பதில் சொல்லோணும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அஞ்சு வருசமா நின்னு பாக்குதுங்க அந்த அம்மணி. எறங்குங்க சாமி" என்றார். இரண்டு ஆள் குரல் உள்ள மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

இறங்கினேன். மரத்தடியில் சரசு நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்தில் எங்கள் அம்மாவின் மூக்கோடு ஒரு சின்னப் பெண். சரசு, "வாங்கண்ணா" என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் அத்தனை வருடமும் தயாராக வைத்திருந்திருக்கிறாள். நான் பையை நீட்டினேன்.

வீட்டில் பந்தல், ஆசாரி, கிடா விருந்து, மலையில் பாதி ஜனம். மருமகளை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு காது குத்தியாயிற்று. குழந்தை ஊரைக் கூட்டும்படி அழுதது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் சரசு என் காதருகே குனிந்து, "நாளு குறிச்சு அனுப்பினீங்களே, அதுவே போதுங்கண்ணா" என்றாள்.

"நாள் குறிச்சது நீயில்லையா?" என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சரசு காதுகுத்துக்கு ஏற்பாடே செய்திருக்கவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனபோதுதான், தன் வீட்டில் விசேஷம் என்பதே அவளுக்குத் தெரியுமாம். என்ன ஏது என்று சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திக் கேட்டவளிடம், உங்க அண்ணன்தான் நாள் குறித்தார் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாலே நாளில் கிடா பிடித்து, ஆசாரிக்குச் சொல்லி, பந்தல் போட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அழுதாள். அப்புறம் மாற்றிக்கொண்டோம். ஆசாரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு காது பாக்கியிருக்கிறது என்று ஞாபகப்படுத்தினார்.

மறுநாள் பஸ்ஸில் அவரைப் பிடித்தேன். இப்படியும் ஒரு பொய் சொல்லலாமா என்று கேட்டேன்.

"பொய் இல்லீங்க. வரப்போற நிகழ்ச்சி" என்றார். "வந்துருச்சுங்களா இல்லீங்களா?"

அதற்கப்புறம் சேதிகள் அறுபத்தொன்பதாவது வளைவோடு நின்றுவிட்டன. எழுபதாவது வளைவில் பஸ் சும்மா திரும்பியது. ஏன் என்று கேட்டதற்கு, "அதைத்தான் நீங்களே எறங்கிப் போய்ப் பாத்துக்கறீங்களே" என்றார்.

ஊரில் எல்லார் சேதியும் சொன்னவர், தன் சேதியை மட்டும் சொல்லாமல் போனார். ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் வேறு கண்டக்டர் இருந்தார். பழையவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். மாலை இல்லை, பிரிவு உபசாரம் இல்லை, ஒரு வளைவில்கூட அறிவிப்பு இல்லை. அன்றைக்கு எழுபது வளைவும் சத்தமில்லாமல் ஏறினோம். ஏழு பேர் வாந்தி எடுத்தார்கள். நான் எட்டாவது ஆள்.

இப்போதும் வாரம் தவறாமல் தங்கை வீட்டுக்கு அந்தப் பாதையில் போகிறேன். எல்லார் காதிலும் ஆளுக்கொரு ஒயர். ஊர்ச் சேதிகள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகின்றன. சாவுச் சேதிக்குக் கீழே வாழ்த்துகள் என்று போட்டுவிட்டு அழிக்கிறார்கள். ஐம்பதாவது வளைவு வந்தால் எனக்குக் காது தானாக நிமிர்ந்துகொள்ளும். இன்ஜின் சத்தம்தான் கேட்கும். எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள், அவர்களுக்காகக்கூட எனக்கு இவ்வளவு ஏக்கம் வந்ததில்லை.

வருகிற தை மாதம் என் மருமகளுக்குக் கல்யாணம், பலாமரத்து வீட்டில். அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டும் என்று சரசு ஒற்றைக் காலில் நிற்கிறாள். நானும் தேடாத இடமில்லை. டிப்போவில் கேட்டேன், மகள் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. பதிவேட்டில் தேடிப் பார்க்கப் பெயர் என்ன என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஏழு வருடம் என் தங்கையின் சேதியை எனக்குச் சொன்ன மனிதரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு திரும்பிவந்தேன்.

சந்தையில், பஸ் ஸ்டாண்டில், எங்காவது யார் கையிலாவது இது அச்சான பத்திரிகை இருக்கும். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கலாம். அதனால் இதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் சத்தமாக வாசித்துவிடுங்கள்.

எழுபதாவது வளைவுச் சேதிங்க. வர்ற தையில பலாமரத்து ஊட்டுல கல்யாணம். எல்லாரும் வந்துருங்க. சேதி கண்டக்டர் வர்றதாச் சம்மதம் சொல்லியிருக்காருங்க.