பூவுக்கும் பன்றிக்கும் நடுவே ஒரு விக்கல்

ஃபாலெவாயி,
சவாயி தீவு, சமோவா.
நவம்பர் 3, வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கை சிங்கானோவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அண்ணன் அபெலு எழுதிக்கொள்வது. ஆக்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமலில்லாமல் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அண்ணி எபெனேசாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஈரப்பலா நன்றாகக் காய்த்திருக்கிறது. மழை அளவாகப் பெய்தது. நல்ல செய்தி இத்துடன் முடிந்தது, மீதியை உட்கார்ந்து படி.

போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பினாயே டேப்லெட், அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். முதலில் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றிகெட்டவன் என்பாய். என் பழைய கம்ப்யூட்டரின் கீபோர்டு உனக்கு ஞாபகம் இருக்கும். கடல்காற்றில் துருப்பிடித்து, உள்ளே எறும்பு குடியேறி, பல்லி முட்டை வைத்து, கடைசியில் 'ஏ' எழுத்தை அமுக்கினால் உள்ளே போனது போனதுதான், குச்சி வைத்து நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. நம் பாஷையில் 'ஏ' இல்லாமல் என் பெயரைக்கூட எழுத முடியாது. க்யூவும் எக்ஸும் இசட்டும் மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தன, நமக்குத்தான் அவற்றால் ஒரு வேலையும் இல்லையே. அந்த நிலைமையில் உன் டேப்லெட் வந்தது. துரு இல்லை, எறும்பு இல்லை, சத்தமும் இல்லை. போதகர் எலெகானாவின் பிரசங்கம் இரண்டாவது மணி நேரத்துக்குள் நுழையும்போது நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த வாரத்து அறிவிப்பை அடித்து முடித்துவிடுவேன். அவர் நான் பிரசங்கத்தைக் குறிப்பெடுக்கிறேன் என்று நினைத்து, எல்லோருக்கும் முன்னால் என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். அறிவிப்பை அச்செடுத்து மழையில் வீடு வீடாக நடந்த காலம் போய், விரலை ஒரு தரம் வைத்தால் சபையின் அறுபத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து மாதம் அப்படியே மிதந்தேன்.

இப்போது கெட்டதுக்கு வருகிறேன். விவசாய இலாகாவில் இருபத்தாறு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவன் நான். டைப்பிஸ்டு விரலைப் பார்க்க மாட்டான், எழுதிக் கொடுத்த காகிதத்தைத்தான் பார்ப்பான். எஃப் எழுத்திலும் ஜே எழுத்திலும் ஒரு சின்ன மேடு இருக்கும், அதில் விரல் பட்டதும் மற்ற விரல்கள் தானாகப் போய்த் தன் தன் இடத்தில் உட்காரும். இந்த டேப்லெட்டில் எங்கே தொட்டாலும் வழவழவென்று ஒரே மாதிரி இருக்கிறது. விரலைச் சும்மா இளைப்பாற வைத்தால் அதையும் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. தேங்காய்ப்பால் பட்ட கையோடு தொட்டால் ஒன்றுமே எழுதாது, ஓலைக்கூரையிலிருந்து ஒரு சொட்டு மழை விழுந்தால் தானாகவே நாலு எழுத்து எழுதிக்கொள்கிறது. ஒரு நாள் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் பல்லி ஒன்று மேலே நடந்துபோய், ஞாயிறு ஆராதனையை 'ஞாயிறு ஆராதனைய்ய்ய்ய்' ஆக்கிவிட்டது. சபைச் செயலாளர் விரல் எது பல்லிக் கால் எது என்று அதற்குத் தெரியவில்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நாம் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் அது முந்திக்கொண்டு மேலே மூன்று வார்த்தையை நீட்டுகிறதே, இடைவெளிக்கு ஒரு தட்டு தட்டினால் நம் வார்த்தையைத் தள்ளிவிட்டுத் தன் வார்த்தையை வைத்துவிடுகிறதே, அதுதான் என் குடியைக் கெடுத்தது.

நம் பாஷையில் பூவுக்கும் பன்றிக்கும் நடுவே தொண்டையில் ஒரு விக்கல்தான், உனக்குத் தெரியாததா? புவா என்றால் பூ. புவா’அ என்று விக்கினால் பன்றி. வெள்ளை ஞாயிறு வருகிறது, பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வசனம் சொல்லும்போது கழுத்தில் மாலை வேண்டும் என்று பெண்கள் சங்கத் தலைவி சலோத்தா ஒரு சீட்டு எழுதிக்கொண்டுவந்து கொடுத்தாள். நம் பக்கத்து வீட்டு சலோத்தாதான், உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். வீட்டுக்கு ஒன்பது என்று எண்ணிக்கை போட்டிருந்தாள். அதிகம் என்று அவளே அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். மிச்சத்தை நான் அப்படியே பார்த்து அடித்தேன். 'பிள்ளைகளின் கழுத்தில் போட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புவா கொண்டு வரவும். வெள்ளைப் புவாவாக இருக்க வேண்டும். பெரிதாக, அடிபடாததாகப் பார்க்கவும். காம்பு நீளமாக இருந்தால் கிள்ளிவிட்டு, நூல் கட்டி, வாடாமல் தண்ணீர் தெளித்து, சனிக்கிழமை காலை ஆலயத்துக்குக் கொண்டு வரவும்.' கண் சீட்டில் இருந்தது, விரல் டேப்லெட்டில் இருந்தது. பத்து மாதமாக நான் கல்யாணம், கருமாதி, பட்டம் சூட்டல் என்று விருந்து அறிவிப்பாகவே அடித்து அடித்து, அதற்குப் பன்றி ஒன்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. நான் புவா என்று அடித்த இடத்திலெல்லாம் அது விக்கிவிட்டது.

சனிக்கிழமை காலை ஆலயத்து முற்றத்தில் நாற்பத்தெட்டு பன்றிகள். அத்தனையும் உயிரோடு, ஏனென்றால் 'வாடாமல்' என்று போட்டிருந்ததே. எல்லாவற்றின் மேலும் தண்ணீர் தெளித்திருந்தது. எல்லாவற்றின் கழுத்திலும் கயிறு. வெள்ளைப் பன்றிக்கு நம் தீவில் எங்கே போவது? ஒரு வீட்டில் இரண்டு கறுப்பைக் கொடுத்து ஒரு வெள்ளையை மாற்றி வாங்கியிருக்கிறார்கள், இன்னொரு வீட்டில் கறுப்பின் மேல் மாவைப் பூசிக் கொண்டுவந்தார்கள், தெளித்த தண்ணீரில் அது கூழாகி வழிந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் காம்பு எது என்று தெரியாமல் பன்றியின் வாலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தாராம், நல்லவேளை கிள்ளவில்லை. ஒருத்தராவது 'இது என்ன கூத்து?' என்று கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை தெரியுமா, அடியில் என் பெயர் இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் செயலாளர் அபெலுவின் அறிவிப்பில் ஒரு புள்ளி பிசகினதில்லை. போதகர் எலெகானா வெளியே வந்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ரொம்பப் பொறுமையாக என்னைக் கேட்டார்:

"செயலாளரே, இதைப் பிள்ளைங்க கழுத்துல எப்படிப் போடறது?"

இந்த உதவிச் செயலாளர் பெனியாமினா இருக்கிறானே, அந்த இளிச்சவாயன், என் நாற்காலிக்கு ஏழு வருஷமாகக் கண் வைத்திருப்பவன், அறிவிப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி விக்கி விக்கி வாசித்தான். "அண்ணே, புவா’அன்னுதாண்ணே இருக்கு. ரெண்டு எடத்துல இருக்கு. ரெண்டும் பன்னிதான்." அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. சிங்கானோ, நான் உனக்கு மட்டும் சொல்கிறேன். என் வாய் தானாகத் திறந்தது. "சலோத்தா எழுதிக் கொடுத்ததைத்தான் நான் அடிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டை போட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"அப்படியா எழுதினேன்? அபெலு ஒரு கமா விட்டதில்ல. என் கண்ணுதான் போயிருச்சு போல."

அவ்வளவுதான். நாற்பத்தெட்டு பன்றியும் ஆலயத்துக்குள் வைத்திருந்த கொஞ்சநஞ்சப் பூவையும் தின்றுவிட்டன, பிள்ளைகள் வெறும் கழுத்தோடு வசனம் சொன்னார்கள், அதெல்லாம் போகட்டும். அடுத்த வாரம் சலோத்தா கப்பலேறித் தலைநகர் அப்பியாவுக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டு ஒரு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். தேவையில்லாத கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு படியில் தடுக்கி நடக்கிறாள். பாட்டுக் குழுவில் முன்னால் நிற்பவள் இப்போது பின்வரிசைக்குப் போய்விட்டாள். ரோட்டில் போகிற வாலிபப் பசங்கள் "அக்கா, இன்னிக்கு எந்தப் பூவு, உர்ர் உர்ர்?" என்று உறுமுகிறார்கள். ஞாயிறுதோறும் வேலிக்கு மேலே கோக்கோ நீட்டுவாளே, மூன்று வாரமாக அதுவும் இல்லை. கோபத்தில் இல்லையாம். வெட்கத்தில். உன் அண்ணி போய்க் கேட்டிருக்கிறாள், "அபெலு பேரைக் கெடுத்துட்டேனே, எப்படி மூஞ்சியில முழிப்பேன்?" என்றாளாம். உன் அண்ணிக்கும் உண்மை தெரியாது. அந்தச் சீட்டு என் பாட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது. விக்கல் இல்லாமல் சுத்தமாகப் புவா என்றுதான் இருக்கிறது, போதாததற்கு ஓரத்தில் ஒரு பூவே வரைந்து வைத்திருக்கிறாள்.

நான் சரியில்லாமல் போய்விட்டேன், தங்கச்சி. நேற்று உன் அண்ணி வந்து பார்க்கிறாள், நான் செத்துப்போன பழைய கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, கம்பிகூட இல்லாமல், தட்டிக்கொண்டிருக்கிறேன். "என்னங்க, எதுலயும் மாட்டாம யாருக்கு எழுதறீங்க?" என்றாள். சலோத்தாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கடக் கடக்கென்று என்ன சுகமாக வந்தது தெரியுமா, 'ஏ' மட்டும் எழும்பவில்லை.

வருகிற திங்கட்கிழமை மூப்பர் கூட்டம். பன்றி விஷயத்தை விசாரித்து, செயலாளர் யார், பெண்கள் சங்கத் தலைவி யார் என்று முடிவு செய்யப் போகிறார்கள். நான் வாயைத் திறந்தால் என் நாற்காலி பெனியாமினாவுக்கு. திறக்காவிட்டால் சலோத்தாவை இறக்கிவிடுவார்கள். திறப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை, திறக்க மாட்டேன் என்றுதான் பயமாக இருக்கிறது. ஆகையால் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்த டேப்லெட்டோடு மாட்டுகிற மாதிரி, அமுக்கினால் இறங்கி எழும்புகிற நிஜ எழுத்துள்ள கீபோர்டு ஒன்று கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பு. பேனா பிடித்து எழுதும் பழக்கம் விட்டுப்போனதால் இந்தக் கடிதத்தையும் இந்தப் பாவி டேப்லெட்டில்தான் அடிக்கிறேன், ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மாறிவிட்டதா என்று பார்த்துப் பார்த்து. காலையில் ஆரம்பித்தது, இப்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. படித்ததும் அழித்துவிடு. வேறு ஒரு ஜீவனுக்குத் தெரியக் கூடாது.

கர்த்தர் உன் வீட்டு வாசலையும் அடுப்பையும் காப்பாராக. மாப்பிள்ளையின் முதுகுவலி நீங்குவதாக. அண்ணி உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
அபெலு
(சபைச் செயலாளர், இன்றைய தேதி வரை)

பி.கு.: மேலே உள்ளது நேற்று மத்தியானமே அனுப்பிய கடிதம். கடிதம் அனுப்பினேன் என்று நான் சொன்னதற்கு, வரவில்லையே என்று நீ போனில் கேட்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். டேப்லெட்டில் உன் பெயருக்கு நேர் மேலே 'எல்லா வீடுகளும்' என்று இருக்கிறது, என் விரல் தடிமனுக்கு இரண்டும் ஒன்றுதான். அறுபத்திரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. இன்று காலை ரொட்டிக் கடைக்காரர் உன் வீட்டுக்காரர் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். போதகருக்கு நான் கடைசி பெஞ்சில் என்ன செய்தேன் என்று தெரிந்துவிட்டது. மூப்பர்கள் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை, காலையிலேயே கூடி என்னை எடுத்துவிட்டு பெனியாமினாவைப் போட்டுவிட்டார்கள். அவன் வீட்டுக்கே வந்து, "அண்ணே, அந்த இளிச்சவாயன் நான்தானே?" என்று இளித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அறிவிப்பு அடிக்க டேப்லெட்டையும் கேட்டான். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன், இதுதான் அதில் நான் அடிக்கிற கடைசி.

அவன் போனதும் சலோத்தா வந்தாள். அந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தாள். தன் போனை எடுத்து, கண்ணாடியில்லாமலே, என் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் என் முன்னால் நின்று சத்தமாக வாசித்தாள். பூ வந்த இடத்தில் பூ என்றாள், பன்றி வந்த இடத்தில் சரியாக விக்கினாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நான் தலையைத் தூக்கவே இல்லை, அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. முடித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் அடிச்சிருக்க" என்றாள். பிறகு படிக்கட்டுக்குப் போய் எதையோ தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். பன்றிக்குட்டி. வெள்ளை. அடிபடாதது. கழுத்தில் நூல் கட்டியிருந்தது, மேலே தண்ணீர் தெளித்திருந்தது.

"வாடாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, கோக்கோ காய்ச்ச உன் அண்ணியோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். கீபோர்டு அனுப்ப வேண்டாம்.