நாலேகாலுக்கு வரும் ஒற்றைக்கண்ணன்

"கரடிக்கு எங்கயாவது வால் தொங்குமா, ஓய்? முப்பது வருஷம் விலங்கியல் நடத்தினவன்கிட்டயே வாதாடறீரே."

"வாலுன்னு நீருதான் சொல்லுதீரு. எனக்கு என்னமோ தொங்குத மாதிரி தெரியுது, அவ்வளவுதான்."

சீவலப்பேரி ஆற்றோரத்து வாழைத்தோட்டத்தில், மோட்டார் அறை வாசலில், இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு செல்போனை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தோட்டத்துக்காரர் ஹபீப் முகம்மது. இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் முத்துசுப்பிரமணியன். ரோட்டில் டவுன் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பம் என்னவோ பன்றியில்தான். ராத்திரியில் வந்து வாழைக்கட்டையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகிற பன்றி எந்தப் பக்கமாக வருகிறது என்று கண்டுபிடிக்க, சார்ஜாவிலிருந்து மகன் சதாம் ஒரு கேமரா கொடுத்துவிட்டிருந்தான். முன்னால் எது அசைந்தாலும் தானாகவே படம் எடுக்கும். மூலையில் தேதியும் மணியும் அடித்துக் கொடுக்கும். பன்றியின் உயரத்துக்குத் தோதாக ஹபீப் அதை முழங்கால் மட்டத்தில் ஒரு வாழையில் கட்டினார். மார்கழிப் பனி. தினமும் பள்ளிவாசலில் விடியற்காலைச் சுபுஹு தொழுகையை முடித்த கையோடு, தலையில் ஒரு சாக்கை மாட்டிக்கொண்டு, டார்ச்சும் கையுமாக, தொங்கும் இலைகளுக்கு அடியில் குனிந்து போய், படம் பதிகிற கார்டை எடுத்து வருவார்.

முதல் நாள் படத்தில் பன்றி விழவில்லை. விழுந்தது வேறு. கழுத்தில்லாத ஒரு பெரிய முதுகு. பின்னால் வால் மாதிரி ஒன்று. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு கண், லாரி விளக்குபோல. மூலையில் மணி நாலேகால். மறுநாளும் அதே நாலேகால். அதற்கு மறுநாளும். ஹபீப் படுக்கையைவிட்டு எழுந்திருப்பதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. கேமராமீது அவருக்கு ஒரு குறையும் இல்லை. அது ஒருநாள்கூடத் தன்னைப் படம் எடுக்காததை வைத்து, சொந்தக்காரனை அடையாளம் தெரிந்த பொருள் என்று நாலு பேரிடம் பெருமை வேறு பேசினார்.

கழுதைப்புலியில் தொடங்கிய முத்துசுப்பிரமணியன், கரடியைத் தள்ளுபடி செய்துவிட்டு, செல்போன் சண்டை முடிந்த அன்று சாயங்காலம் புலியில் வந்து நின்றார். சண்டையில் ஒரு கண் போன கிழட்டுப் புலி. மலையில் வேட்டையாட முடியாமல் ஆற்றோரமாகவே இறங்கி வந்திருக்கிறது. அவர் அதை ஹபீப்பிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். டீக்கடையில் சொன்னார்.

மறுநாள் வாழைத்தார் வெட்ட வரவேண்டிய மாரித்தாயும் அவள் கூட்டமும் வரப்பிலேயே நின்றுகொண்டார்கள். பொங்கல் நெருங்குகிறது. தார் முற்றிவிட்டது. இப்போது வெட்டாவிட்டால் மரத்திலேயே பழுத்து அணிலுக்குத்தான்.

"மொதலாளி, அது இன்ன மிருகம்னு சொல்லுங்க, எறங்குதோம். பேரு தெரியாத மிருகத்துக்கிட்ட கடிபட்டா ஆஸ்பத்திரில என்னன்னு சொல்ல?" என்றாள் மாரித்தாய்.

ஹபீப் சவூதியில் இருபது வருஷம் கிடந்து, திரும்பி வந்து, தன் பேரில் என்று அவர் வாங்கியது இந்தத் தோட்டம் ஒன்றுதான். சதாமிடம் சொன்னால், எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஏரலில் மகள் தஸ்மியா வீட்டில் போய் இருங்கள் என்ற பழைய பல்லவியையே பாடுவான். வனத்துறைக்குச் சொன்னால் தோட்டத்துக்குள் தன்னையே விடமாட்டார்களோ என்று பயம். ஆகவே இரண்டு பேருக்கும் சொல்லவில்லை.

படம் தெளிவாக விழுந்தால் பேர் தெரிந்துவிடும் என்று, கேமராவுக்கு எதிரே ஆட்டுக்குடல் கட்டித் தொங்கவிட்டார். படம் தெளிவாகத்தான் விழுந்தது. ஒற்றைக்கண்ணன் முன்னால் நிற்க, ஊர் நாய் அத்தனையும் அதைச் சுற்றி வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. நாயே குழைகிற புலி என்று ஊருக்குள் பேச்சாகி, டவுன் பஸ் டிரைவர் தோட்டத்து நிறுத்தத்தில் நிறுத்துவதை விட்டார்.

முத்துசுப்பிரமணியன் பூதக்கண்ணாடியோடு வந்து ஈரமண்ணைச் சாண் சாணாகப் பார்த்தார். நாய்க்கால் தடத்தையும் ஹபீப்பின் ரப்பர் செருப்புத் தடத்தையும் தவிர வேறு தடம் கிடையாது. நிமிர்ந்து ஹபீப்பின் காலைப் பார்த்தார்.

"உம்ம தடத்துமேலயே அடி வச்சு வரது, ஓய். தோட்டத்துக்கு வரல. உமக்காக வரது."

அதற்குமேல் தோட்டத்துக்குள் போகத் துணிவில்லாமல் ஹபீப் கேமராவைக் கழற்றி வீட்டுக் கொல்லைக் கதவுக்கு எதிரே கட்டினார். மறுநாள் தொழுதுவிட்டு வந்து எடுத்த கார்டில் ஒற்றைக்கண்ணன் கொல்லைக் கதவைத் தொடுகிற தூரத்தில் நின்றது. மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் படத்தையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"நாலேகாலுக்கு நீங்க கொறட்டை விட்டுக்கிட்டுக் கெடந்தீங்க. அது வாசல்ல நிக்கி." அவ்வளவுதான் சொன்னாள். மத்தியான பஸ்ஸில் ஏரலுக்குப் போய்விட்டாள்.

தார் மரத்திலேயே பழுத்தது. அணில் வந்தது, வௌவால் வந்தது, மாரித்தாய் வரவில்லை. பழம் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த ஹபீப், ஒருநாள் எழுந்து போய், புலியும் ஆச்சு பூனையும் ஆச்சு என்று பேசித் திரிந்த பக்கத்துத் தோட்டத்துக் காந்திமதிநாதனுக்கு, கேட்ட விலைக்கே எழுதிக் கொடுத்தார்.  

அவர் ஏரலுக்குக் குடிபோன மறுநாளே மிருகம் ஊரைவிட்டுப் போய்விட்டது. மாரித்தாய் கூட்டம் இறங்கி அடுத்த தாரை வெட்டியது. புலியை விரட்டின வீடு என்று காந்திமதிநாதன் மகன் பெருமாள்ராஜுக்கு நாங்குநேரியில் பெரிய இடத்தில் பெண் கொடுத்தார்கள். முத்துசுப்பிரமணியன் தன் மகள் மீனுவோடு இருக்கப் பெங்களூர் போனார். ஒற்றைக்கண்ணன் படம் கண்ணாடிச் சட்டம் போட்டு அங்கே கூடத்தில் தொங்குகிறதாம். ஹபீப்புக்கு மிஞ்சியது செல்போனில் இருக்கிற படங்கள்தான். தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு, பேர் மட்டும் தெரிந்திருந்தால் தோட்டம் நின்றிருக்கும் என்பார்.

பெருநாளுக்குச் சதாம் மனைவியோடு லீவில் வந்தான். மாமனாருக்கு டீ கொண்டுவந்து வைத்த மருமகள் ஃபஹ்மிதா, அவர் கையிலிருந்த படத்தின் மூலையை உற்றுப் பார்த்துவிட்டு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, இது சார்ஜா மணியில்லா? அங்கன வச்சு நான்தான் கேமராவுல மணி வச்சுக் கொடுத்தேன். இங்கன அப்ப அஞ்சே முக்கா, நீங்க சுபுஹு தொழுதுட்டுக் கார்டு எடுக்கப் போற நேரம்."