சிவப்பு வராத புயல்

வானத்தைப் பார்க்க வானம் தேவையில்லை என்ற மகத்தான உண்மையை உலகுக்கு நிலைநாட்டிய பெருமை, அந்த மாநகரின் காப்பீட்டு அலுவலகத்தில் இயங்கிய புயல் எச்சரிக்கைப் பிரிவையே சேரும். பிரிவின் அதிகாரிக்கு மூன்று கைப்பேசிகள், ஒரு பெரிய திரை, ஜன்னலே இல்லாத ஓர் அறை. ஜன்னல் இருந்தால் கவனம் சிதறும் என்று மேலிடம் கருதியது.

திரையில் சிவப்பு வந்தால் ஊழியர்கள் முன்கூட்டியே வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் ஐந்து மணி வரை அசையக் கூடாது. ஆறு ஆண்டுகளில் சிவப்பு இரண்டே முறை வந்தது. இரண்டு முறையும் எல்லோரும் கொளுத்தும் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். காரணம் எளிது. திரையில் தெரிவது முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைமை அலுவலகத்தின் வானிலை. திரையின் ஊர்ப்பெயரை மாற்ற அனுமதி கேட்ட கோப்பு இன்னும் 'பரிசீலனையில்' இருந்தது.

அன்று மதியம் இரண்டு மணிக்கு, பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் அதிகாரியின் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, வானம் கன்னங்கரேல்னு இருக்கு. மூணு மணிக்குப் பாப்பாவுக்கு ஸ்கூல் விட்டுடும். சுரங்கப்பாதையில தண்ணி ஏறிடுச்சுன்னா அந்தப் பக்கமே மாட்டிக்குவா. நீங்க போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. இங்க ஒருத்தர் வாயைத் தொறந்துட்டு உக்காந்திருக்காரு."

"மழைக்கு வாய்ப்பே இல்லைன்னு காட்டுதும்மா."

"எங்க காட்டுது?"

"திரையில."

"தலையை வெளிய நீட்டிப் பாருங்களேன்!"

"அது அதிகாரப்பூர்வமான பார்வை ஆகாதும்மா."

மனைவி போனை வைத்தது இடி விழுந்த மாதிரி இருந்தது. திரையில் இடி எதுவும் பதிவாகவில்லை.

ஆனாலும் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து மேலாளரிடம் ஓடினார். மேலாளரின் அறை ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையில் குடையும் மறு கையில் பேனாவுமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பொண்ணைக் கூட்டிட்டு வரணும். மழை..."

"என்ன மழை? எச்சரிக்கை குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"நீங்க குடுக்காம அது எப்படிய்யா வரும்? உங்க பிரிவை நீங்களே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?"

மேலாளரின் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. "ஏசி," என்றார் கம்பீரமாக.

நியாயம்தானே! அதிகாரி திரும்பி வந்து திரையைப் புதுப்பித்தார். வெயில் இன்னும் பிரகாசமாகியிருந்தது.

ஐந்து மணிக்குக் கிளம்பி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, ஏழு மணிக்கு வீடு சேர்ந்தார். மகள் போர்வைக்குள் தும்மிக்கொண்டிருந்தாள். வாய் திறந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஓடிய மனைவி, சுரங்கப்பாதை வழியாக அவளைத் தோளில் தூக்கி வந்திருந்தாள்.

"அப்பா, உங்க ஆபீஸ்ல மழை பெய்யலையா?"

"பெய்ஞ்சுதுடா செல்லம்."

"அப்புறம் ஏன் நீ வரல?"

அவர் மூன்று கைப்பேசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். மனைவி அவர் முகத்தில் ஒரு துண்டை வீசினாள். கோபத்திலும் காய்ந்த துண்டாகப் பார்த்துத்தான் வீசினாள்.

மாதக் கடைசியில் 'சிறந்த எச்சரிக்கை அதிகாரி' விருதைத் தலைமை அலுவலகம் அவருக்கே வழங்கியது. சான்றிதழில் தங்க எழுத்தில் பொறித்திருந்தார்கள்: "பெரும்புயல் அடித்த நாளிலும், ஓர் ஊழியரைக்கூட முன்கூட்டியே வீட்டுக்குப் போகவிடாத விழிப்புணர்வுக்காக."