பின்சீட்டுக்கு வைத்த விபூதி

வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. கோளாறு என்றால் பேசாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவான். அரைகுறையாகத் தெரிந்தவன் இருக்கிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பதினோரு வருஷம் வேன் ஓட்டிய தைரியத்தில் நான் அந்த இரண்டாவது ரகம். (இப்பவும் அப்படித்தான்னு என் வீட்டுல சொல்வாங்க. நம்பாதீங்க.)

எங்கள் வீடு திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம். என்னிடம் பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் ஒன்று உண்டு. டிரைவருக்கு முன்னால் ஒரு ஏசி, பின்சீட்டுக்காரர்களுக்குக் கூரையில் தனியாக ஒரு ஏசி. அந்த மே மாதம், பின்னால் வரும் காற்று திடீரென்று நின்றுபோனது. முன்னால் நான் ஜில்லென்று உட்கார்ந்திருக்க, பின்னால் உட்கார்ந்தவர்கள் இட்லிப் பானையில் வைத்தது போல வெந்துகொண்டிருந்தார்கள்.

சவாரி ஜனம் என்றால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் வந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில் ஏற இருந்தவர்கள் வேறு. என் தங்கை கவிதாவும் அவளோடு வேலை பார்க்கும் செஞ்சிப் பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையன் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம், அவனுடைய பெரியப்பாவைத் தவிர. அவர் நெற்றி நிறைய நாமம் போடும் பெருமாள் பக்தர். "சிவன் ஊர்ல போய் பொண்ணு எடுக்கணுமா" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். எப்படியோ பேசி, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வர ஒப்புக்கொள்ள வைத்திருந்தார்கள். "நம்ம வண்டியிலயே ஜில்லுனு கூட்டிட்டு வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்தவன் நான்.

அதனால் வைத்தியத்தை உடனே ஆரம்பித்தேன். டீக்கடையில் நாலு பேரைக் கேட்டு, கேஸ் போயிடுச்சு என்று முடிவு செய்து கேஸ் நிரப்பினேன். காற்று வரவில்லை. ஸ்விட்ச் போயிடுச்சு என்று அதை மாற்றினேன். அப்போதும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கண்டென்சரைக் கழற்றப் போகும் நேரத்தில் என் மனைவி தமிழ்ச்செல்வி வேலை முடிந்து வந்தாள். அவள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பாடம் எடுப்பவள். (அவளை விட்டுட்டு நான் ஏன் டீக்கடையில யோசனை கேட்டேன்னு கேக்காதீங்க. அதுக்குப் பேருதான் ஆம்பளை வீம்பு.)

பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"முன்னாடி ஜில்லுனு வருதா?"

"வருது."

"ரெண்டுக்கும் ஒரே கேஸ்தானேங்க? அப்ப கேஸ் இருக்கு. பின்னாடி காத்தே வரல. கேஸ் என்ன பண்ணும்?"

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கால் மணி நேரத்தை நான் இன்றும் கண் முன்னால் பார்க்கிறேன். முதலில் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள், நன்றாக இருந்தது. கூரை மூடியைக் கழற்றினாள். உள்ளே காற்றாடியைச் சுற்றுகிற சின்ன மோட்டாருக்குப் போகும் ஒயரைப் பிரித்து, அதில் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பைத் தொட்டு வைத்தாள். பல்பு எரிந்தது. "கரண்டு வந்துடுச்சு, வாங்கிக்கத்தான் ஆளில்ல" என்றாள். ஒயரை மறுபடி சொருகிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டாரை மெதுவாகத் தட்டினாள். அது முனகிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. "மோட்டார் போச்சு. புதுசு மாத்திடுங்க." எதையும் அனாவசியமாகக் கழற்றவில்லை, ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை. எனக்குப் பொறாமையாகவும் பெருமையாகவும் இருந்தது. பொறாமையை மட்டும் வெளியே காட்டினேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "உள்ள என்னமோ வெள்ளையா பவுடர் மாதிரி கிடக்கு. அதுதான் மோட்டாருக்குள்ள போயிருக்கு. காத்து போற டக்ட்டைச் சுத்தமா ஊதிட்டு அப்புறம் புதுசை மாட்டுங்க."

அது என்னவென்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். வண்டிக்கு முன்னால் பிள்ளையார் இருக்கிறார், எலுமிச்சம்பழம் இருக்கிறது. பின்னால் யார் பார்த்துக்கொள்வது? பின்னாலிருந்து லாரி வந்து இடித்தால்? அதனால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் முடிந்ததும், கோயில் விபூதியைக் காலண்டர் தாளில் மடித்து, பின்சீட்டுக் கூரையில் ஏசி காற்றை இழுக்கும் கம்பி இடுக்கில் சொருகி வைப்பேன். அடுத்த பௌர்ணமிக்குப் பார்த்தால் பொட்டலம் இருக்காது. அண்ணாமலையார் ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு இன்னொன்றைச் சொருகுவேன். ஏற்றுக்கொண்டது மோட்டார்.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு புது மோட்டாரை நானே மாட்டினேன். மூன்று ஸ்க்ரூ, ஒரு ஒயர், அவ்வளவுதான். டக்ட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். விபூதியைப் போய் அழுக்கு மாதிரி எப்படி ஊதித் தள்ளுவது? அதுவும் தங்கச்சிக்கு நல்ல காரியம் நடக்கிற நேரத்தில்? கும்பிட்டுவிட்டு மூடியைத் திருகினேன். ஸ்விட்சை ஒன்றில் வைத்துப் பார்த்தேன். காற்று வந்தது. முழு வேகமான நாலில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் வந்ததும், "ஊதிட்டீங்களா?" என்று கேட்டாள். "எல்லாம் ஆச்சு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. செஞ்சியில் ஏழு பேர் பட்டும் வேட்டியுமாக ஏறினார்கள். அழைத்து வர என்னோடு தமிழ்ச்செல்வியும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். பெரியப்பா நடு சீட்டில், நாமம் பளபளக்க, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே இருந்த காற்றுத் துளைக்கு மூடி என்றைக்கோ உடைந்து போயிருந்தது.

கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் அவர் முதல் முறையாக வாய் திறந்தார்.

"காத்து கம்மியா இருக்கே தம்பி."

இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். "இப்ப பாருங்க பெரியப்பா" என்று ஸ்விட்சை நாலுக்குத் திருப்பினேன்.

ஒரு பெரிய தும்மல் போல சத்தம் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒருவரையும் காணோம், வெள்ளையாக மூட்டம். மூட்டம் அடங்கியபோது ஏழு பேரும் முழு அபிஷேகத்தில் இருந்தார்கள். பையனின் அம்மா தும்மிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் நாமம் இருந்த இடமே தெரியவில்லை.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார் அவர்.

புளியமரத்தடியில் நிறுத்தினேன். கவிதாவின் முகம் நினைவுக்கு வந்தது. வாய் மட்டும் தானாகப் பேசியது. "புது மோட்டாருங்க. கம்பெனியில பவுடர் போட்டுத்தான் அனுப்புவாங்க."

சொல்லி முடிக்கவும் மூடியில்லாத துளையிலிருந்து ஒரு காலண்டர் தாள் பொட்டலம் நழுவி அவர் மடியில் விழவும் சரியாக இருந்தது. பிரித்தார். விபூதி, அதன் மேல் ஒரு காய்ந்த வில்வ இலை.

"கம்பெனியில வில்வமும் போடறாங்களா?"

முன்சீட்டிலிருந்த தமிழ்ச்செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னை விட்டுவிட்டு அவரிடம் பேசினாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. இவர் பக்தியில வச்சிருக்கார். சுத்தம் பண்ணச் சொன்னேன், மனசு வரல போல. பத்து நிமிஷம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். (சீப்பு மறந்துடுவா, அதை மறக்க மாட்டா.) பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு சீட் மேல் ஏறி, கூரை மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள். உள்ளே இருட்டு. கீழேயிருந்து வெளிச்சம் ஒன்று நீண்டது. பெரியப்பா செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி கரண்டு வருதான்னு எதுல பார்த்தேம்மா?"

"பல்புலங்க. மீட்டர் கையில இல்ல."

"தட்டிப் பார்த்தியா?"

"ரெண்டு சுத்து சுத்திட்டு நின்னுடுச்சு."

"உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும்."

"ஆமாங்க. பழைய மோட்டாரை அப்புறம் கழட்டிப் பார்த்தப்ப பாதிகூட இல்ல."

அப்புறம்தான் தெரிந்தது, அவர் முப்பது வருஷம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டியவர் என்று. நடு ரோட்டில், ஒருவர் முகத்தில் விபூதியும் மற்றவர் கையில் கிரீஸுமாக, இரண்டு பேரும் நெடுநாள் சிநேகிதர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவளுக்குப் புருஷனாக இருக்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன்.

பதின்மூன்று பொட்டலம் வெளியே வந்தது. பெரியப்பா அவற்றைத் துண்டில் முடிந்து, "கீழ போட்டுடாதம்மா, கோயில்லயே சேர்த்துடு" என்று அவளிடம் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எதுக்குப்பா இத்தனை?"

"பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கட்டும்னு..."

"நாங்க கேக்கவே இல்லியேப்பா" என்றார்.

தண்ணீர் பாட்டிலில் முகம் கழுவிக்கொண்டு, வண்டிக் கண்ணாடியில் பார்த்து நாமத்தைப் புதிதாகப் போட்டுக்கொண்டார். கண்ணாடியை அவருக்கு வாகாகத் திருப்பிக் கொடுத்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

வேங்கிக்காலில் இறங்கியபோது வாசலில் கவிதா நின்றிருந்தாள். அவர்கள் தலைமுடியெல்லாம் வெளுத்திருந்ததைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பெரியப்பாதான் பேசினார்.

"பொண்ணு பார்க்க வந்தோம்மா. உங்க சாமி முந்திக்கிட்டு எங்களைப் பார்த்துட்டார்." பிறகு தமிழ்ச்செல்வியைக் காட்டிச் சொன்னார். "இப்படி ஒரு மருமக இருக்கற வீட்டுல பொண்ணெடுக்க யோசிக்கறவன் முட்டாள். தட்டை எடுத்துட்டு வாங்க."

கவிதா அழுதுவிட்டாள். நானும்தான், ஆனால் கண்ணில் விபூதி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அது ஒன்றையாவது எல்லோரும் நம்பினார்கள்.

கவிதாவின் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் எந்த வேலையை முடித்தேன் என்று சொன்னாலும் குடும்பத்தில் யாராவது ஒருவர், "ஊதிட்டியா?" என்று கேட்காமல் விடுவதில்லை. பெரியப்பா எதையும் கேட்பதில்லை. எங்கள் வண்டியில் ஏறினால் அதே நடு சீட்டில் உட்கார்ந்து, கூரைக்கு நேராகக் குடையை விரித்துக்கொள்வார். செங்கம் ரோட்டில் பக்கத்து பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். குடை சரியாக நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகு, அதற்குள்ளிருந்து குரல் வரும்:

"ம்... இப்ப நாலுல வை தம்பி."