நீதிமொழிகள் முப்பத்திரண்டாம் அதிகாரம்

நீதிமொழிகள் புத்தகத்தின் முப்பத்திரண்டாம் அதிகாரத்தை ஸ்டீவன் மறுபடியும் தேடினார். முப்பத்தொன்று இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினால் பிரசங்கி என்று வேறு புத்தகமே ஆரம்பித்துவிட்டது. தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று விரலில் எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார். ஒட்டவில்லை.

பீடத்தில் நின்ற ஐயரோ உற்சாகமாக இருந்தார். கம்பத்துச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஐயரம்மா. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டுத் திருதிருவென்று விழிப்பது வாடிக்கை.

"பொறுத்தார் பூமி ஆள்வார். நீதிமொழிகள் முப்பத்திரண்டாம் அதிகாரம், நான்காம் வசனம். வீட்டுக்குப் போய் எடுத்து வாசியுங்கள், சபையாரே."

"ஆமென்" என்றது சபை.

ஆமென் சொல்வதில் அந்தச் சபையார் என்றைக்கும் குறை வைத்ததில்லை. வேதத்தைத் திறப்பதில்தான் கொஞ்சம் சுணக்கம். வெள்ளிக்கிழமை வேதபாட வகுப்புக்கு மூன்றே பேர் வருவார்கள். சபைச் செயலாளர் என்ற முறையில் ஸ்டீவன், ஸ்டீவனுக்கு மனைவி என்ற முறையில் ஜாய்ஸ், அப்புறம் பூக்கடை அய்யம்மாள். அய்யம்மாளும் கோயில் மின்விசிறிக்காகத்தான் வருகிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

"ஐயர் தப்பாச் சொல்லிட்டாக" என்று ஸ்டீவன் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "நீதிமொழிகள் முப்பத்தொண்ணோட முடிஞ்சுபோச்சு. அது வேத வசனமே இல்ல, பழமொழி."

"முப்பத்தொண்ணுல குணசாலியான பொம்பளையப் பத்திப் போட்டிருக்கு. அதையாவது வாசிங்க" என்றாள் ஜாய்ஸ். "இங்கன யாரு எடுத்துப் பாக்கப்போறா?"

அதுவும் சரிதான். பழமொழியும் நீதிமொழியும் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் ரேஷன் கார்டு வேறு வேறு என்பது அந்தச் சபையில் யாருக்குத் தெரியும்? ஸ்டீவன் வேதாகமத்தை மூடினார்.

ஆனாலும் இந்தத் தப்பு வெளியே தெரிந்துவிடக் கூடாது. ஐயருக்கு ஓய்வு பெறும் வயது. இங்கேயே தொடர்வதா, வீட்டுக்குப் போவதா என்பதை அறுப்பின் பண்டிகைக்கு வரும் பேராயர் முடிவு செய்வார். "ஐயருக்கு மறதி வந்துருச்சு, கிதார் வாசிக்கிற இளவட்டம் ஒருத்தரைப் போடுங்க" என்று அஜய்குமார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். செயலாளர் தேர்தலில் ஸ்டீவனிடம் தோற்றவன் அவன். ஸ்டீவனுக்கோ ஐயர் என்றால் உயிர். அப்பா பெரியகுளத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாள் தவறாமல் பஸ் பிடித்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். அவர் தலைகுனிந்து ஊரைவிட்டுப் போவதைப் பார்க்க ஸ்டீவனால் முடியாது.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது அஜய்குமார் வந்து நின்றான். கையில் போன்.

"அண்ணே, ஐயர் சொன்ன அதிகாரம் வரமாட்டேங்குதே."

"வாய் தவறியிருக்கும் தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே அடங்கியிருக்கும். ஸ்டீவன் பைப் கடைக்காரர். எங்கே ஒழுகினாலும் உடனே எதையாவது வைத்து அடைத்துவிட வேண்டும் அவருக்கு.

"போன்ல எல்லாம் முழு வேதமா வரும்? சுருக்கிப் போட்டிருப்பான். புத்தகத்துல பாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குள் ஒரே தூசி. பரணில் கிடந்தது, பெட்டிக்கடியில் கிடந்தது, கல்யாணத்துக்குப் பரிசாக வந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது என்று வேதாகமங்கள் கூட்டமாக வந்து இறங்கியிருந்தன. பாதிப் பேர் தும்மிக்கொண்டே பாடினார்கள்.

"புத்தகத்துலயும் காணமே, அண்ணே" என்றான் அஜய்குமார். இந்தத் தடவை அவன் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

"இது புதுசு. பழைய மொழிபெயர்ப்புல இருக்கும்" என்றார் ஸ்டீவன்.

பழைய மொழிபெயர்ப்பு தேடி ஊரே கிளம்பியது. போடிக்குப் போனார்கள், தேனிக்குப் போனார்கள். ஏலத்தோட்டத்தில் பல வருடம் வேலை பார்த்த பூமாரி ஜீப் ஏறிக் குமுளிக்கே போய் ஒரு மலையாள வேதாகமத்தைக் கொண்டுவந்துவிட்டாள்.

"மலையாளத்துலயும் முப்பத்தொண்ணோட தீர்ந்துபோச்சுண்ணே" என்றாள். "கையில எடுத்தது எடுத்தாச்சேன்னு பூராவும் வாசிச்சிட்டேன். யோபு கதைய ரெண்டு தடவ. பாவம் அந்த மனுசன்."

வீட்டில் ஜாய்ஸ் பிடித்துக்கொண்டாள். "ஒரு ஓட்டைய அடைக்க இன்னொரு ஓட்டை போடுறீகளே. தப்புன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதான?"

"சொன்னா ஐயர் பெட்டியைக் கட்டணும்."

"சொல்லாட்டி நீங்க கட்டணும்."

ஸ்டீவன் யோசித்தார். யோசித்ததுதான் வம்பாகப் போனது. அடுத்த வாரம் அறிவிப்பு வாசிக்கும்போது, யாரும் கேட்காமலே, "அதிகார எண் மாறியிருக்கலாம். ஆனால் ஐயர் சொன்ன வசனம் வேதத்தில் எங்கேயாவது இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவைத்தார்.

அன்றோடு சபை இரண்டாகப் பிளந்தது. 'இருக்கு' என்று ஒரு கட்சி, 'இல்லை' என்று ஒரு கட்சி. இருக்கு என்கிறவர்கள் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். இல்லை என்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். முழுவதையும் வாசித்தால்தான் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியும். வாழைக்காய் மண்டியில் லேவியராகமம், திராட்சைத் தோட்டத்தில் ரோமர், டீக்கடையில் எபிரெயர் என்று ஊர் ரணகளமானது. அஜய்குமார் தன் கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டு ஏசாயாவுடன் உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பந்தல்காரரிடம் நாற்காலி எடுக்க வேண்டியதாயிற்று.

"சாந்தகுணமுள்ளவங்க பூமியச் சுதந்தரிப்பாங்கன்னு மத்தேயுல இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்" என்றது இருக்கு கட்சி.

"சாந்தமும் பொறுமையும் எப்படி ஒண்ணாகும்?" என்று எழுந்தான் அஜய்குமார். "அடி வாங்கிட்டுச் சும்மா இருக்கிறவன் எல்லாம் சாந்தமா? பயந்தாங்கொள்ளியும் சும்மாதான் இருக்கான். அப்புறம், பூமின்னா எந்தப் பூமி? இதா, புது பூமியா?"

அதுவரை மின்விசிறிக்கு நேர் கீழே கண்ணை மூடியிருந்த அய்யம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"பூமிய ஆளலாம்னு பொறுத்தா அதுக்குப் பேரு பொறுமையா? மாசாமாசம் சீட்டுக் கட்டுறதுல்ல அது. இயேசுசாமி என்ன கிடைக்கும்னு பொறுத்தாக?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஸ்டீவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாக உடைந்து கிடக்கும் சபையும், அதைப் பார்க்க வந்துகொண்டிருக்கும் பேராயரும்தான்.

மறுநாள் துணிந்து ஐயர் வீட்டுக்குப் போனார். நெற்றிமேல் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு ஐயர் அதையே மேசையடியில் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டீவனுக்கு மனசு இளகிவிட்டது.

"ஐயா, அந்த முப்பத்திரண்டாம் அதிகாரம்..."

"நல்லாத் தேடச் சொல்லுங்க, ஸ்டீவன்" என்றார் ஐயர் மேசைக்கு அடியிலிருந்தே. "விட்டுராதீக."

மறதி முற்றிப்போய்விட்டது என்று ஸ்டீவன் முடிவுகட்டினார். கண்ணாடியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வழியெல்லாம் அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

பண்டிகையும் வந்தது. கோயில் முழுக்கத் திராட்சைக் கூடைகளும் வாழைத்தார்களும் நெற்கதிர்க் கட்டுகளும். வாசலிலேயே அஜய்குமார் மறித்துச் சொன்னான். "இன்னிக்குப் பேராயர் முன்னாடி எந்திரிச்சுக் கேக்கத்தான் போறேன், அண்ணே. ராத்திரிதான் கடைசிப் புத்தகம் வெளிப்படுத்தல் முடிச்சேன்."

ஸ்டீவன் பாடகர் குழுத் தலைவி மகிமாவிடம் ஓடினார். பேச்சுக்கு நேரம் இல்லாமல் செய்துவிட்டால் கேள்விக்கும் நேரம் இருக்காதல்லவா.

"மகிமா, இன்னிக்கு எல்லாக் கீர்த்தனையும் ஒரு சரணம் விடாமப் பாடுங்க. பல்லவியத் திருப்பித் திருப்பிப் பாடுங்க. நான் கை காட்டுறவரைக்கும் நிறுத்தாதீக."

மகிமா இப்படி ஓர் அனுமதிக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாள் போலும். பாடினாள், பாடினாள், பாடிக்கொண்டே இருந்தாள். திராட்சைகூட வாடிவிட்டது. கடைசியில் பேராயரே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிரசங்க நேரம் பாட்டிலேயே போய்விட்டது. நல்லது. அதனால் நான் பிரசங்கம் செய்யப்போவதில்லை. உங்களிடம் கேள்வி கேட்கப்போகிறேன்."

ஸ்டீவன் மகிமாவைத் திரும்பிப் பார்த்தார். தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயிற்று.

"நாம் இரட்சிக்கப்படுவது கிருபையினாலா, நம் கிரியையினாலா?"

இந்தக் கேள்வியைப் பேராயர் எல்லாச் சபையிலும் கேட்பவர். எல்லாச் சபையிலும் எல்லாரும் குனிந்து கீழே விழாத கைக்குட்டையைத் தேடுவார்கள். இங்கே கை தூக்கினார்கள். ஒருவர் இருவர் இல்லை, ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் கையாக முளைத்தது. பேராயர் திகைத்துப்போய் அய்யம்மாளைக் காட்டினார்.

"பெரியாத்துத் தண்ணி மலைய விட்டு இறங்கி நம்ம வயலுக்கு வருதுல்ல, ஐயா. நாம மம்பட்டி பிடிச்சதுனாலயா அங்கன மழை பெய்யுது? அது அவரு குடுக்கிறது. கிருபை. ஆனா தண்ணி ஏறுன வயலு பச்சை கட்டாமக் கெடந்தா, உள்ள தண்ணி ஏறவே இல்லன்னுதான அர்த்தம். அந்தப் பச்சைதான் கிரியை. கிருபைங்கிற பவுலும் கிரியைங்கிற யாக்கோபும் சண்ட போடல. ஒருத்தரு மதகுல நின்னு பேசுறாரு, இன்னொருத்தரு வயல்ல நின்னு பேசுறாரு."

பேராயர் அய்யம்மாளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பூமாரியைக் கேட்டார், மண்டிக்காரர்களைக் கேட்டார். அவர் ஒன்று கேட்டால் மூன்று வந்தது. ஒரு பதிலுக்கு எதிர்க்கட்சியிலிருந்து மறுப்பும், மறுப்புக்கு ஆதாரமும் வந்தன. பேராயர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் அஜய்குமார் எழுந்தான். ஸ்டீவன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஐயா, பொறுத்தார் பூமி ஆள்வார்னு வேதத்துல இருக்குன்னு எங்க ஐயர் சொன்னாக. ஆதியாகமத்துலருந்து வெளிப்படுத்தல் வரைக்கும் பாத்துட்டேன். அப்படி ஒரு வசனம் இல்ல."

ஐயர் எழுந்து நின்றார். "உண்மைதான். அந்த வசனம் வேதத்தில் இல்லை. சபையார் என்னை மன்னிக்க வேண்டும்."

"நான் இன்னும் முடிக்கல" என்றான் அஜய்குமார். "இவகளத் தப்புன்னு காட்டி வெளிய அனுப்பத்தான் வாசிக்க ஆரம்பிச்சேன். பாதியில எதுக்கு ஆரம்பிச்சேன்னே மறந்துபோச்சு. இப்ப வாசிக்காமத் தூக்கம் வரமாட்டேங்குது. எனக்கு இன்னும் நூறு சந்தேகம் இருக்கு. அதெல்லாம் தீருற வரைக்கும் ஐயர் இங்கனயேதான் இருக்கணும்."

"ஆமென்" என்றது சபை. இந்த ஆமெனில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேராயர் இறங்கி வந்து ஐயரைக் கட்டிக்கொண்டார். "நீங்களாகப் போகிறேன் என்று சொல்லும்வரை உங்களை யாரும் இங்கிருந்து அசைக்க மாட்டார்கள்" என்றார். மகிமா யாரும் கை காட்டாமலே பாட ஆரம்பித்தாள். ஸ்டீவன் அழுதார். ஜாய்ஸ் தன் முந்தானையைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். இருபது வருடச் சபை ஊழியத்தில் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

விருந்தில் ஸ்டீவன் தரையில் கால் பாவாமல் பரிமாறினார். பேராயரின் கார் டிரைவர் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பிரியாணித் தட்டோடு போனார். கார்த்திக்ராஜ் என்று பெயர் சொன்னான். சொந்த ஊர் கூடலூர், நம்ம ஐயர் முன்னால் ஊழியம் செய்த சபைதான் என்றும் சொன்னான்.

ஸ்டீவனுக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

"வயசாயிருச்சுல்ல தம்பி, பாவம். இல்லாத அதிகாரத்தைச் சொல்லிப்புட்டாக. நான் மட்டும் மூடி மறைச்சுக் காப்பாத்தலைன்னா ஐயர் கதி என்ன ஆகியிருக்கும்?"

டிரைவர் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தான்.

"உங்களுக்கு நீதிமொழிகளா, அண்ணே? எங்க கூடலூர்ல சங்கீதம் நூத்தம்பத்தொண்ணுன்னு சொன்னாக. சங்கீதம் நூத்தம்பதோட முடிஞ்சுபோகுதுன்னு கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு வருசம் ஆச்சு."