கோப்பை பதிவேற்றவும்

எதையும் அதனதன் இடத்தில் வைத்துப் பழகியவனுக்கு ஒரு வியாதி வரும். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று நம்பத் தொடங்கிவிடுவான். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. வீட்டில் கத்தரிக்கோல் மாட்ட ஓர் ஆணி உண்டு. ஆணிக்குக் கீழே ‘கத்தரிக்கோல்’ என்று ஒரு சீட்டும் உண்டு. (சீட்டை ஒட்டிய அன்று என் மனைவி மல்லிகா, “உங்க மேலயும் ஒண்ணு ஒட்டிக்கங்க, எடுத்த எடத்துல வச்சிடலாம்” என்றாள்.) அப்படிப்பட்டவனை நம்பித்தான் என் மகள் நிவேதா தன் எதிர்காலத்தை ஒரு மத்தியானத்துக்கு ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

நிவேதா வாலிபால் ஆடுவாள். பிளஸ் டூ மதிப்பெண் சுமார்தான். சென்னையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்பும் உண்டு, ஆட்டமும் உண்டு. கிடைக்காவிட்டால் உள்ளூரில் ஏதோ ஒரு டிகிரி, பந்து பரணுக்குப் போய்விடும். ஆன்லைனில் விண்ணப்பிக்க அன்று மாலையோடு கடைசி. அவளுக்கோ ஊருக்கு வெளியே ஓரிக்கைப் பக்கம் மைதானத்தில் பயிற்சி இருந்தது.

“எல்லாம் ஃபில் பண்ணிட்டேன்பா. அப்லோட் மட்டும்தான் பாக்கி. ஸ்கேன் பண்ணி லேப்டாப்லயே வச்சிருக்கேன். ரெண்டே கிளிக்கு.”

“நான் பாத்துக்கறேன், நீ போமா.”

“இங்கிலீஷ்லயே இருக்கட்டும்பா. எதையும் மாத்திக்கினு இருக்காத.”

அவள் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் மாற்றினேன். பக்கத்தின் மூலையில் ‘தமிழ்’ என்று இருந்தது. நான் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். வருகிற சுற்றறிக்கைகளில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புகிறவனும்கூட. (யாரும் கேட்பதில்லை.) தமிழ் இருக்கும்போது நான் ஆங்கிலத்தில் பொத்தானை அமுக்குவதா?

‘விளையாட்டுச் சாதனைக்கான சான்று’ என்று ஒரு வரி வந்தது. அதன் கீழே, ‘கோப்பை பதிவேற்றவும்’.

சுத்தமான வாக்கியம். பால் காய்ச்சவும், கதவு சாத்தவும் என்பதுபோலக் கோப்பை பதிவேற்றவும். நடுவில் தேவையில்லாத ஒற்றுக்கூட இல்லை. நிவேதா ஸ்கேன் செய்து வைத்திருந்த சான்றிதழ் கண் முன்னாலேயே இருந்தது. இருந்தால் என்ன? கேட்டது கோப்பை. கேட்டதைக் கொடுப்பதுதான் ஒழுங்கு. மேலும், சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். கோப்பையை ஆடித்தானே வாங்க வேண்டும்? கல்லூரியின் முன்யோசனையை மெச்சினேன்.

மாவட்டப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரி என்று அவளுக்குக் கொடுத்த கோப்பை பிரிட்ஜின் மேல் இருந்தது. அதிலிருந்த ஊக்குகளையும் ரப்பர் பேண்டுகளையும் கொட்டினேன். விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். ஜன்னலோரம் வைத்து, போனில் படமெடுத்து, லேப்டாப்பில் ஏற்றினேன். இனி ஒரு பொத்தானை அமுக்க வேண்டியதுதான்.

அந்தப் பொத்தானைத்தான் காணோம்.

அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு சொல், சாம்பல் நிறத்தில்: ‘உலாவு’.

“மல்லிகா, ‘உலாவு’ன்னு ஒண்ணு இருக்குது. இன்னாவா இருக்கும்?”

அவள் பட்டுக் கடையில் புடவை பிரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. ஊரில் வைகாசித் திருவிழா, சாமி காலையும் மாலையும் வாகனத்தில் புறப்பாடு.

“சாமி எந்தத் தெருவுல வருதுன்னு காட்டுவாங்களோ இன்னாவோ. அமுக்கிப் பாருங்க.”

“காலேஜுக்காரன் எதுக்கு சாமி ஊர்வலம் காட்டறான்?”

“அப்ப நீங்களே போயி உலாவிட்டு வாங்க. எனக்காவது காத்து வரும்.”

வேறு வழியில்லாமல் அமுக்கினேன். லேப்டாப்பில் உள்ள படங்களெல்லாம் வரிசையாகத் திறந்தன. (‘பிரவுஸ்’ என்பதை யாரோ அகராதி பார்த்து உலாவ விட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.) கோப்பைப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். சரி, அனுப்புவது எப்படி? கல்லூரிச் சின்னத்தை அமுக்கினேன். முதல்வரின் வரவேற்புரை வந்தது, படித்தேன். பழைய இடத்துக்கே திரும்பி வந்து, பக்கத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக இருந்த ஒரு பொத்தானைப் பார்த்தேன். ‘மீட்டமை’ என்றது. மீட்கிறேன் என்கிறவனை நம்பாமல் யாரை நம்புவது? அமுக்கினேன். நான் தேர்ந்தெடுத்த கோப்பை மறைந்துபோனது. (‘ரீசெட்’ என்பதற்கு அதுதான் தமிழாம்.)

மறுபடி உலாவினேன். எடுத்ததை அழிக்கும் பொத்தான் அத்தனை பெரிதாக இருக்க, அனுப்பும் பொத்தானை மட்டும் எவனோ திருட்டு நகைபோல ஒளித்து வைத்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கடைசியில் பொறுக்க மாட்டாமல் மல்லிகா பின்னால் வந்து நின்றாள்.

“இன்னாங்க, புடவைய மடிச்சி வச்சிக்கினே முந்தி எங்க முந்தி எங்கன்னா எப்படி? அந்தாண்ட கொஞ்சம் பிரிச்சிப் பாருங்க.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் திரையின் அடியில் நூல்போல ஒரு பட்டை தெரிந்தது. பிடித்து இழுத்தேன். பக்கம் இடப்புறம் நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. வலது கோடியில், வெள்ளையின் மேல் வெளிறிய சந்தன நிறத்தில், ‘சமர்ப்பி’. அதை அமுக்கியபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் அந்தக் கோப்பையை வாங்கியபோது நிவேதாவுக்குக்கூட ஏற்பட்டிருக்காது.

‘கோப்பு பதிவேற்றப்பட்டது. இனி மாற்ற இயலாது’ என்றது திரை.

எழுத்துப்பிழை, கோப்பையில் ‘ஐ’ விட்டுப் போயிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த வரியை மனத்துக்குள் மறுபடி படித்துப் பார்த்தேன். அந்த ‘ஐ’ கோப்பையுடையதே இல்லை. அது இரண்டாம் வேற்றுமை உருபு. அவர்கள் கேட்டது கோப்பு. கோப்பைப் பதிவேற்றவும் என்று ஒரு ‘ப்’ போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஊரார் விட்ட ஒற்றுகளையெல்லாம் வட்டமிட்டவனை, யாரோ விட்ட ஒற்று வட்டமிட்டுவிட்டது.

நிவேதா வந்தாள்.

“போட்டுட்டியாபா?”

“போட்டேன். இலக்கணப்படி பாத்தா...”

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். “அப்பா, கப்புக்குள்ள யாரோ நிக்கறாங்க.”

விபூதி போட்டுத் தேய்த்ததன் பலன். கோப்பையின் வளைந்த வயிற்றில், பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, வாயைப் பிளந்துகொண்டு, கையில் போனோடு நான் நின்றிருந்தேன். மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிவேதா சிரிக்கவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டதற்கு, “பரவால்லபா” என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் முதல் ரயிலில் அசல் சான்றிதழோடு அவளை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். விளையாட்டுப் பிரிவில் ஓர் அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“நிவேதாவா? ஓ, கப்பு. இதுல நிக்கறது யாரும்மா?”

“நான்தான் மேடம். அந்த வரியில ஒரு ‘ப்’ இல்ல. இருந்திருந்தா...”

நிவேதா என் காலை மிதித்தாள்.

“பட்டன் எங்க, பட்டன் எங்கன்னு நேத்து காலையிலேர்ந்து ஒரே போன்,” என்றார் அந்த அம்மாள். “கண்டுபிடிச்சவங்களே கொஞ்சம் பேருதான். அதுல நீங்க கப்பு போட்டீங்க. குடுங்க சர்டிபிகேட்ட.” வாங்கிக்கொண்டு கிரவுண்டைக் கைகாட்டினார். “செலக்ஷன் நடக்குது, போயி ஆடும்மா. அதுல உங்கப்பா உள்ள வர முடியாது.”

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பயிற்சியாளர், “அந்தக் கப்புப் பொண்ணு, சர்வ் போடு” என்று கத்தினார். அவள் போட்ட சர்வை எதிர்ப்பக்கம் யாரும் தொடவில்லை. அடுத்ததையும் தொடவில்லை. என் மேலிருந்த கோபத்தையெல்லாம் பந்தின்மேல் காட்டினாள் என்று மல்லிகா இன்றும் சொல்வாள். இடம் கிடைத்தது. பெயரும் சேர்ந்து கிடைத்தது. படித்த காலம் முழுக்க அவள் கல்லூரியில் கப்புதான்.

இப்போது நிவேதா வேலூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் வீட்டில் எல்லாம் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறது. சீட்டு ஒட்டாமலேயே இருக்கிறது. கலைத்துப் போட ஆளில்லாத வீட்டில் ஒழுங்காக இருப்பது ஒரு சாதனையே அல்ல என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

மாப்பிள்ளை அவளோடு அதே கல்லூரியில் ஆடியவர். அதனால் புகுந்த வீட்டிலும் அவள் கப்புதான். அவளுடைய வளைகாப்புக்குப் போயிருந்தபோது சம்பந்தியம்மாள், “கப்பு, வந்து உக்காரும்மா” என்று வாஞ்சையோடு அழைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். கப்புன்னா உங்க ஊரு சாமி பேருங்களா?”

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மல்லிகா முந்திக்கொண்டாள்.

“இல்லைங்க. அவங்க அப்பா வச்ச பேரு.”