ஏறிக்கொண்டே போன ஆயில்

"மேடம், ஆயில் மறுபடியும் ஏறிருச்சு."

டிரைவர் இருளப்பன் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, தமயந்தியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஆயில் குறையும். ஏறாது."

"அதத்தான் நானும் ஆயிலுகிட்டச் சொன்னேன். கேக்க மாட்டேங்குது."

தமயந்தி பி.எஸ்ஸி., வேதியியல். பழநி அடிவாரத்தில் தேங்காய், பழத் தட்டு விற்கும் குடும்பத்தில் முதல் பட்டதாரி. முதல் ஆள் என்பதில் ஒரு வசதி உண்டு: அவள் சொல்வது தப்பு என்று சொல்ல வீட்டில் இரண்டாவது ஆள் கிடையாது. கோபம் மட்டும் பரம்பரையாக வந்தது.

பெருமாள்மலைக்கு மேலே சேனாதிபதி நடத்தும் தங்கும் விடுதிக்கு அவள் மேனேஜர். இன்னும் நிரந்தரமில்லை. அவளை வேலைக்கு வைக்கும்போதே முதலாளி சொல்லிவிட்டார்: "ரூமை யாரு வேணாலும் பாத்துக்குவாங்க. என் டர்போ வண்டியைப் பாத்துக்கணும். சீமைக்கார இன்ஜினீயருகிட்ட வாங்குனது. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ அடிவாரத்துக்கே போயி தேங்கா வித்துக்க."

தேங்காய் விற்பதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால், வேலை போனால் பக்கத்துக் கடைப் பொன்னுவேலுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க அப்பா தயாராக நின்றார். "படிச்ச பொண்ணு கல்லாவுல உக்காந்தா யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகும்" என்பது பொன்னுவேலின் காதல் வசனம்.

அவள் கம்பியை முகர்ந்தாள். பெட்ரோல் வாடை.

"ஆயில்ல பெட்ரோல் கலந்திருக்கு. ஆயில் தண்ணியாயிடுச்சுன்னா டர்போ போச்சு. இன்ஜினுக்குக் காத்தைத் தள்ளுற அந்தக் காத்தாடி இந்த ஆயிலை நம்பித்தான் சுத்துது."

"எப்படிக் கலக்குது?"

அது தமயந்திக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதற்காகவா அப்பா காசு கட்டிப் படிக்க வைத்தார்?

"ஆயில் சரியில்லை. கெட்டி ஆயில் வாங்குங்க. இருக்கிறதிலேயே கெட்டியா."

கெட்டி ஆயில் வந்தது. பழையதை வடித்துவிட்டு அதை ஊற்றினார்கள். மறுநாள் காலைப் பனியில் இன்ஜின் ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது. கொடை ரோடு ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டிய புதுத் தம்பதி, வளைவு வரைக்கும் வண்டியைத் தள்ளினார்கள். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள, பொண்ணு பட்டுச்சேலையோடு தள்ளினாள்.

"நல்ல பொருத்தம். ரெண்டு பேரும் சேந்து இழுப்பாங்க," என்றார் இருளப்பன்.

"ஓவர் கெட்டி," என்றாள் தமயந்தி, தான் எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. "இளக்கமான ஆயில் வேணும்."

மதுரையிலிருந்து விலை உயர்ந்த இளக்கமான ஆயில் வந்தது. வண்டி தொட்டதும் கிளம்பியது. தமயந்தி அன்று முழுக்கப் பேராசிரியர் நடையில் நடந்தாள். வாரம் முடிவதற்குள் கம்பியின் கோட்டுக்கு மேலே ஆயில் ஏறி நின்றது. முன்பைவிட அதிக வாடை.

பெட்ரோல் செலவும் எகிறியிருந்தது. ஓடிய தூரத்துக்கும் போட்ட பெட்ரோலுக்கும் சம்பந்தமே இல்லை. அவள் கோபம் இப்போது ஆயிலை விட்டு ஆள் மேல் திரும்பியது.

"இருளப்பண்ணே, நேராவே கேக்கிறேன். பெட்ரோல் எடுக்குறீங்களா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கோபம்.

"திருடுறவன் டேங்க்குலேருந்து எடுப்பான் மேடம். எடுத்து இன்ஜினுக்குள்ள ஊத்துற திருடன் எந்த ஊருல இருக்கான்?"

பதில் இல்லாதபோது உத்தரவு போடுவது மேனேஜர் வேலை. அதுவரை வண்டிக்குள்ளேயே கிடந்த சாவியை வாங்கி, சமையற்கட்டில் ராக்கம்மாவிடம் கொடுத்தாள். ராக்கம்மா விடுதியிலேயே தங்கிச் சமைப்பவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள். அதிகம் பேசமாட்டாள்.

"சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்கு நானும் இவரும் போனதுக்கப்புறம் சாவி உங்க கையிலதான் இருக்கணும். யாருக்கும் குடுக்கக்கூடாது."

"சரிங்க மேனேஜரம்மா. பத்திரமா வச்சுக்குறேன்," என்று ராக்கம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் முகத்தில் இவ்வளவு மலர்ச்சியைத் தமயந்தி பார்த்ததே இல்லை. நம்பிக்கை வைத்தால் தொழிலாளி எப்படி மலர்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆயில் இப்போது தினமும் ஏறியது.

கடைசியில் தமயந்திக்குக் கல்லூரி ஆய்வகம் நினைவுக்கு வந்தது. பெட்ரோல் வெரசா ஆவியாகும், ஆயில் ஆகாது. அப்படியானால் சூடாக்கினால் போதும்!

"காலையில அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி வச்சே ஓட விடுங்க. பெட்ரோலெல்லாம் ஆவியாப் போயிடும்."

"நின்ன எடத்துலயேவா?"

"நான் கெமிஸ்ட்ரி."

"நான் ஒண்ணும் சொல்லலைங்க."

வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில், 'குளிரில் நின்ற இடத்தில் ஓடவிட்டால் பெட்ரோல் முழுக்க எரியாமல் ஆயிலில் இறங்கும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை அவள் சனிக்கிழமைதான் படித்தாள். அதற்குள் டர்போ விசிலடிக்க ஆரம்பித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதலாளி வருகிறார். அவளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்யத்தான்.

ஞாயிறு காலை, முதலாளியை அழைத்துவரப் போன வண்டி, அவரை ஏற்றிக்கொண்டு பெருமாள்மலை தாண்டியதும் நீலப் புகையாய்க் கக்கிவிட்டு நின்றது. பூண்டி கேரட்டை மலைக்குக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில், காலி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சேனாதிபதி வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை மண் நிறமாகியிருந்தது. பின்னால் இறங்கிய இருளப்பன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தமயந்தி பேச்சைத் தயாராக வைத்திருந்தாள். ஆணாதிக்கம், முதலாளித்துவம், அந்நிய மோகம் மூன்றும் அதில் இருந்தன.

"ஐயா, அந்த வண்டி..."

"இரும்மா. பசி உசுரு போகுது."

அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். ராக்கம்மா இலை போட்டாள். இட்லி வைத்தாள். சேனாதிபதி ஒன்றை விண்டு வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொன்றையும் போட்டார்.

தமயந்தி நின்றுகொண்டே இருந்தாள். பொன்னுவேலின் கல்லாப்பெட்டி கண்ணில் தெரிந்தது.

"ஏம்மா," என்றார் கடைசியில். "இந்தக் குளிர்ல மாவு புளிக்காது. கொடைக்கானல்ல எந்த லாட்ஜுலயும் இட்லின்னா கருங்கல்லுதான். இங்க பஞ்சு மாதிரி இருக்கே! பழநி வரைக்கும் இதே பேச்சு. போன மாசத்துலேருந்து ரூம் காலியே இல்லையாமே?"

"ஆமாங்க."

"சாப்பாட்டை இப்படிப் பாத்துக்கிறவளைப் போகச் சொல்ல நான் என்ன கிறுக்கனா? வேலை உனக்குத்தான். நிரந்தரம்."

ராக்கம்மா அவளுக்கும் ஒரு தட்டில் இட்லி வைத்தாள். சமையற்கட்டுப் பக்கமே தான் எட்டிப் பார்த்ததில்லை என்ற உண்மையை, நேர்மையான அந்தப் பட்டதாரி சட்னியோடு சேர்த்து விழுங்கினாள்.

"வண்டி, ஐயா?"

"அந்தச் சனியன விடு. நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுறலாம்."

ராக்கம்மாவின் கையிலிருந்த சாம்பார்க் கரண்டி தரையில் விழுந்தது.

"ஐயையோ, அதைப் போட்டுட்டா எப்படிங்க? தெனம் பொழுதுசாய அதை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அந்த இன்ஜின் சூட்டுல இட்லி மாவுப் பானையை வச்சுத்தானே பொங்க வைக்கிறேன்!"